அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்

போன வியாழக்கிழமை, முன்பின் பார்த்தே இராத ஒரு பெண்ணைத் திருப்பூரிலிருந்து ஜெகதாப்பட்டினம் வரை அழவைத்து வரவழைத்துவிட்டேன். பஸ் மாறி பஸ் மாறி, எட்டு மணி நேரம்.

அதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஒரே ஒரு வரி எழுதினேன். அதுவும் தமிழில் இல்லை... பைத்தானில்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். எழுதுவது ஆசைக்கு, சாப்பாட்டுக்கு புரோகிராமிங். இருபத்துநான்கு வருடமாக ஜாவா என்ற ஒரே கம்ப்யூட்டர் மொழியோடு குடித்தனம். முதலில் சென்னையில், இப்போது அன்னவாசல் வீட்டு மாடியில். ஜாவாவில் எனக்குத் தெரியாதது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், மற்றவர்கள் அப்படிச் சொன்னால் மறுத்ததும் இல்லை.

நாலு மாதத்துக்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். ஆபீஸ் மெயிலில் மரியாதை கூடினாலே நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். பழைய சிஸ்டத்தை மெதுவாக மூடப்போகிறோம், சீனியர்கள் பைத்தான் என்ற மொழியும் அதற்கான வெப் ஃப்ரேம்வொர்க் ஒன்றும் கற்றுக்கொண்டால் நல்லது என்று இருந்தது. இந்த 'நல்லது'க்கு என்ன அர்த்தம் என்று நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃப்ரேம்வொர்க் என்றால் பயப்பட வேண்டாம். சுவர், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டு முடித்த வீட்டின் சாவியைக் கையில் கொடுப்பது மாதிரி. எந்த அறையில் எதை வைப்பது என்பது மட்டும் நம் பொறுப்பு.

பாடம் வீடியோவில். நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். எனக்குத் தெரியாததா... வேரியபிள் என்றால் என்ன, லூப் என்றால் என்ன என்று ஆரம்பித்தவரிடம் பொறுமையாக உட்கார முடியுமா? வாத்தியார் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. காபி கொண்டுவந்து வைத்தவர் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார். "இந்த வேகத்துல நான் பாடம் நடத்துனா ஹெட்மாஸ்டர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"இது எனக்குத் தெரிஞ்ச பாடம்தான்."

"தெரிஞ்ச பாடத்தை எதுக்குப் படிக்கிறீங்க?"

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன், வசதியாகப் போயிற்று.

முதல் வாரமே அடி விழுந்தது. ஜாவாவில் வரியின் முன்னால் எவ்வளவு இடம் விட்டாலும் கம்ப்யூட்டருக்குக் கவலை இல்லை. பைத்தானில் அந்த வெற்று இடத்துக்கே அர்த்தம் இருக்கிறது. ஓர் இடம் கூடக் குறைய விட்டால் ஓடாது. ஒரு காலைப் பொழுது முழுக்க, திரையில் கண்ணுக்கே தெரியாத ஒரு இடைவெளியைத் தேடிக்கொண்டிருந்தேன். என்ன மொழி இது, ஒன்றும் இல்லாததற்கு இவ்வளவு மரியாதையா என்று சலித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் மொழி எதுவும் வீடியோ பார்த்து வராது. நிஜமாக ஒன்றைச் செய்ய வேண்டும். அப்போதுதான் ஸ்டெல்லாவின் கடிதம் வந்தது.

ஸ்டெல்லா இந்தப் பத்தியின் வாசகி. பிறந்தது ஆவூர், பி.காம். படித்தவர், ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுச் சங்க ஆபீஸில் வேலை. படகுகள் ஒருநாள் காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில் திரும்பும். எந்தப் படகு போனது, எது கரைக்கு வந்தது என்று ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. அந்தக் காலை வேளையில் ஆபீஸ் போன் அடங்குவதே இல்லையாம். அறந்தாங்கியிலிருந்து அம்மா, திருப்பூரிலிருந்து மனைவி, சிங்கப்பூரிலிருந்து அண்ணன்... எல்லோருக்கும் ஒரே கேள்விதான். 'நீங்க கம்ப்யூட்டர் ஆளுன்னு எழுதுறீங்களே சார், இந்த நோட்டை அவங்க போன்லயே பார்க்குற மாதிரி பண்ண முடியுமா?'

பாடத்துக்குப் பாடம், புண்ணியத்துக்குப் புண்ணியம். கிளம்பிவிட்டேன்.

ஐஸ் பிளான்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். ஸ்டெல்லா நோட்டைப் பிரித்துக் காட்டினார். படகு நம்பர், உரிமையாளர், எத்தனை ஆட்கள். கடைசியில் ஒரு கட்டம். படகு வந்துவிட்டால் அதில் டிக். சில கட்டங்கள் காலியாக இருந்தன.

"வராத படகுக்கு என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுத மாட்டோம் சார்."

"வேற எங்கயாவது கரை ஏறியிருந்தா?"

"ஊர்ப் பேரை எழுதுவோம். கோட்டைப்பட்டினம்னா கோட்டைப்பட்டினம்."

"நேவிக்காரங்க பிடிச்சுட்டுப் போயிட்டா?"

ஸ்டெல்லா பேனாவை மூடி வைத்தார். "அங்கிட்டுன்னு எழுதுவோம் சார். அதுவும் தகவல் உறுதியா வந்தப்பறம்தான். வரலைங்கற வார்த்தைய மட்டும் இந்த நோட்டுல எழுதுறதில்லை. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் எழுதுனதில்லை."

கடற்கரைக்காரர்களின் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். மதிப்போடுதான் நினைத்தேன், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பழைய உலகத்தில் காலிக் கட்டம் என்றால் ஆபத்து. நிரப்பாமல் விட்ட ஒன்றை புரோகிராம் தொட்டுவிட்டால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். அதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அதனால் எங்கள் டீமில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. உண்டு அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்.

எனவே நானும் அப்படியே செய்தேன். 'திரும்பிவிட்டது', 'திரும்பவில்லை'. ஆரம்பத்தில் எல்லாப் படகும் 'திரும்பவில்லை'. ஸ்டெல்லா தட்டினால் 'திரும்பிவிட்டது' என்று பச்சையாக மாறும். காலை எட்டு மணியைத் தாண்டினால் மிச்சம் இருப்பவை சிவப்பு. அந்தச் சிவப்பை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். ஒரே வரியில் முடிந்துவிட்டது என்ற பெருமை வேறு.

முடித்துக் காட்டியபோது ஸ்டெல்லா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாதா சார்?"

"காலியா விட்டா புரோகிராம் கொழம்பிரும்மா" என்றேன்.

பொய். முழுப் பொய்கூட இல்லை, அதைவிட மோசம். அது பழைய மொழியில் பட்ட அடியின் பயம். புது ஃப்ரேம்வொர்க்கில் 'ஆம்', 'இல்லை' தவிர 'தெரியாது' என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் அதைச் சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் நான் ஓடவிட்ட வேகத்தில் அது என் காதைத் தாண்டிப் போய்விட்டது.

ஸ்டெல்லா மறுபேச்சு பேசவில்லை. இருபத்துநான்கு வருட அனுபவம் உள்ளவரிடம் யார்தான் பேசுவார்கள்?

வியாழக்கிழமை. புதன்கிழமை போன படகுகள் திரும்பும் காலை. லிங்க் எல்லா வீடுகளுக்கும் போயிருந்தது. நான் செய்த வெப் பக்கம் வேலை செய்யும் அழகைப் பார்க்க ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். பச்சை, பச்சை, பச்சை... ஏழே முக்கால் வரை பரம சந்தோஷம். எட்டு மணி. மூன்று படகுகள் சிவப்பாயின.

எட்டு அடித்து இரண்டு நிமிஷத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. வைத்தால் அடித்தது. போனைக் குறைக்கத்தானே இதைச் செய்தோம்? "இல்லக்கா, பதறாதீங்க. லேட்டுதான். தகவல் ஒண்ணும் வரலை. சிவப்புன்னா அப்படி அர்த்தமில்லக்கா..." ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஒன்பதரைக்குள் இரண்டு படகுகள் வந்துவிட்டன. வலையில் ஏதோ சிக்கி, எடுக்க நேரமாகிவிட்டதாம். மூன்றாவது படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்து கோட்டைப்பட்டினத்தில் விட்டிருந்தது. பத்தே காலுக்குத் தகவல் வந்தது. ஸ்டெல்லா அதையும் பச்சையாக்கினார். அப்பாடா என்று சாப்பிடப் போனேன். மீன் குழம்பு. ருசித்துத்தான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பை இல்லை. கழுத்தில் திருப்பூர் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை, கழற்ற மறந்து அப்படியே தொங்கியது. ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

ஸ்டெல்லா எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வள்ளியக்கா, அண்ணன் மத்தியானமே வந்துட்டாரு. இன்ஜின் ரிப்பேரு, அவ்வளவுதான். வீட்டுல தூங்குறாரு."

வள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் வேலைக்குள் நுழையும் முன் போனில் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். கணவர் போன படகு சிவப்பில் இருந்திருக்கிறது. 'திரும்பவில்லை.' கணவரின் போன் சுவிட்ச் ஆஃப், ஆபீஸ் போன் பிஸி. நின்ற இடத்திலிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். விடாமல் போன் அடித்து அடித்து, திருச்சி வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அதே கணவர் அங்கிட்டுப் பிடிபட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தார் என்பதை ஸ்டெல்லா பிறகு சொன்னார்.

"சார்ஜ் இருக்கும்போது பேஜை மறுபடி பார்க்கலையாக்கா? பத்தேகாலுக்கே மாத்திட்டேனே."

"பார்க்கப் பயமா இருந்துச்சு" என்றார் வள்ளி. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "யாரு அப்படி எழுதுனது?"

ஸ்டெல்லா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நினைத்திருந்தால் நானும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லித் தப்பிப்பது எங்கள் தொழிலில் சுலபம்.

"நான்தாம்மா" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன தடவை ஆறு நாளு எங்களுக்கு ஒரு தகவலும் தெரியலைண்ணே. இருந்தோம்ல. தெரியலைன்னா தெரியலைன்னு விட்டுருங்க. காத்திருக்க எங்களுக்குத் தெரியும். வரலைன்னு நீங்க முடிவு பண்ணி எழுதிட்டா, நாங்க எதைப் பிடிச்சுக்கிட்டு ஒக்கார்றது?"

அட்டையைக் கழற்றி, அதன் நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, தூங்குகிறவரைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். மூன்றே வரி. சிவப்பு போனது. 'திரும்பவில்லை' போனது. "இனிமே வர்றதுக்கு முன்னாடி என்ன காட்டட்டும்? தெரியவில்லைன்னு போடவா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"வேணாம் சார். அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும்."

வேறு ஊர்க் கரை என்றால் ஊர்ப் பெயர் எழுத ஓர் இடம் வைத்தேன். 'அங்கிட்டு' என்று எழுதவும் வைத்தேன். அது தேவைப்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். புரோகிராம் குழம்பவில்லை. ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியாத கேள்வியைக் காலியா விடுற பிள்ளைக்கும் மார்க் இல்லை, தப்பா எழுதுற பிள்ளைக்கும் மார்க் இல்லை. ஆனா காலியா விட்ட பிள்ளைக்கு மறுநாள் சொல்லிக் குடுத்துரலாம்" என்றார். நான் எந்த வகைப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அனுபவம் என்று எதைச் சொல்கிறோம்? நிறையத் தெரிந்திருப்பதையா? இல்லை, தெரியாத இடத்தையும் ஏதாவது போட்டு நிரப்பிவிடும் கைப்பழக்கத்தையா? டாக்டர், வக்கீல், பத்தி எழுதுகிறவன்... வருடங்கள் ஏற ஏற, யாராவது ஒன்று கேட்டால் 'தெரியலை' என்று சொல்ல நாக்கு எழுவதே இல்லை. புது மொழியில் எனக்குக் கஷ்டமாக இருந்தது புதியது எதுவுமில்லை. பழையதை வெளியே கழற்றி வைக்கத்தான் முடியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அன்னவாசல் மாடியில் உட்கார்ந்து போனில் பக்கத்தைத் திறந்தேன். சனிக்கிழமை போன படகுகள் ஒவ்வொன்றாக டிக் ஆகிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு நாலு கட்டம் காலி. அந்தப் படகுகளில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. எட்டேகாலுக்கு ஒன்று வந்தது. எட்டரைக்கு ஒன்று. அப்புறம் இன்னொன்று. கடைசிக் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது... வெறும் வெள்ளையாக, ஒன்றும் சொல்லாமல்.

ஒன்பது இருபதுக்கு அதிலும் டிக் விழுந்தது. காபி ஆறி ஏடு படிந்திருந்தது. அதை அப்படியே குடித்துவிட்டு, பைத்தான் வீடியோவை முதல் பாடத்திலிருந்து மறுபடி போட்டேன்.

சாதாரண வேகத்தில்.