வாய் அசைகிறது, சத்தம் இல்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக வீடியோ கேசட்டோடு குடித்தனம் நடத்துகிறவன். படத்தில் ஏதோ உருவம் தெரிகிறது, யாரோ முனகுகிறார்கள் என்று பயந்து வந்தவர்களை எல்லாம், டெக்கில் டேப்பைப் படிக்கிற ஹெட் அழுக்காக இருக்கிறது, துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று திட்டி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் என் கடை. ஒரு காலத்தில் சினிமா கேசட் வாடகைக்கு விட்டேன், இப்போது பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை, வாயும் அப்படித்தான். என் மனைவியைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வாள்.

போன ஆடியில் மலர்க்கொடி என்று ஒரு பெண் வந்தார். குளத்தூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். துண்டில் சுற்றி ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். பெயர் சொன்னால்கூட யாருக்கும் ஞாபகம் வராத ஒரு குடும்பப் படம், ஆவுடையார்கோவில் பக்கம் எடுத்தது. ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன அவருடைய அப்பா முருகையாவைக் கூட்டத்திலிருந்து இழுத்து நிறுத்தி ஒரே ஒரு வசனம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது மலர்க்கொடி அம்மா வயிற்றில். பிறப்பதற்கு முன்பே அப்பா பஸ் விபத்தில் போய்விட்டார்.

“அண்ணே, போட்டோ வீட்டுல இருக்கு. குரல் இதுல மட்டுந்தான் இருக்கு. படம் எப்புடி இருந்தாலும் பரவால்ல, அப்பா பேசுற எடம் நல்லாக் கேக்கணும். சின்னதுலேருந்து தேஞ்சு போற அளவுக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

தேய்ந்துதான் போயிருந்தது. நான் வழக்கமாக ஒவ்வொரு கேசட்டின் குறைகளையும் நோட்டில் எழுதிவைப்பேன். நிறம் வெளிறி எல்லா முகமும் மஞ்சள் பூசியது மாதிரி இருந்தது, அடியில் கோடு ஓடியது, முழுக்க ஒரே இரைச்சல். நாற்பத்தோராவது நிமிடத்தில் முருகையா வருகிறார், ஒல்லியான ஆள், தலையில் துண்டு. “ஐயா, கண்மாய் உடைஞ்சு போச்சு” என்று நல்ல கட்டைக் குரலில் சொல்கிறார். அதற்குப் பிறகும் அவர் உதடு இரண்டு மூன்று நொடி அசைகிறது, ஆனால் குரல் இல்லை. டப்பிங்கில் விட்டிருப்பார்கள். அதையும் எழுதி, வழக்கம் போல அடிக்கோடு போட்டேன்.

சாயங்காலம் மலர்க்கொடி வந்தார். பேசாமல் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்கு எங்கே அது வரும்?

“தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க, இது ஒங்கப்பா குரல் இல்ல. அப்பல்லாம் ஸ்பாட்ல பேசுறத அப்புடியே வைக்க மாட்டாங்க. மெட்ராஸ்ல ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு பேசியிருக்காரு. இந்தப் படத்துல தபால்காரருக்கும் அதே ஆளுதான். கேக்குறீங்களா?”

கேட்கிறீர்களா என்று கேட்டதோடு நிற்காமல் அந்தத் தபால்காரர் காட்சியைப் போட்டும் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “எங்க ஆத்தா, அப்பா குரல்தான்னு சொன்னுச்சே” என்று மட்டும் சொன்னார். பென்டிரைவையும் எடுக்கவில்லை, கேசட்டையும் எடுக்கவில்லை, போய்விட்டார்.

மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். ராத்திரி இல்லை, கவனியுங்கள், நல்ல வெயில், ஆடிக் காற்று, எதிரே டீக்கடையில் ஆட்கள். மலர்க்கொடி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா அழகம்மாள் உள்ளே வராமல் வாசல் படியிலேயே நின்றார்.

“இன்னைக்கு என் முன்னாடி பாத்துட்டுச் சொல்லு ஆத்தா. அப்பா குரலா இல்லையா?”

“இல்லத்தா.” அழகம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னார். “நீ ஆறு வயசுல கேட்ட. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவுக வாயில வேற ஆளு பேசுறதப் பாக்க முடியாமத்தான் நான் அந்தப் படத்துப் பக்கமே திரும்புறதில்ல.”

“அப்ப நான் இத்தன வருசமா யாரோ ஒருத்தரு குரலக் கேட்டுக்கிட்டு இருந்தேனா?”

எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் கேசட்டை டெக்கில் போட்டுவிட்டேன். முந்தின நாள் நிறுத்திய தபால்காரர் காட்சியிலிருந்தே ஓடியது, அதற்கு அடுத்ததுதான் முருகையா வருகிற இடம்.

முருகையா வந்தார். இரைச்சல் சட்டென்று நின்றது. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு தேய்ந்த கேசட்டில் அப்படி ஒரு அமைதி வரவே வராது. பிறகு காற்றுச் சத்தம், ஒரு காக்கை, கேமரா ஓடுகிற கிர்ர், யாரோ ஒருத்தர் இருமுவது, எல்லாம் பக்கத்தில் நடப்பது போலக் கேட்டது. அப்புறம் ஒரு மெல்லிய குரல், நம் ஊர்ப் பேச்சு.

“அய்யா, கம்மா ஒடஞ்சுருச்சுங்க.”

உதடு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை அதற்கும் குரல் இருந்தது.

“இப்பக் கேக்குதா?”

அழகம்மாள் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை, பதறவும் இல்லை. அடுத்த அறையிலிருந்து புருஷன் ஏதோ கேட்டால் சொல்வது போல, “கேக்குதுங்க” என்றார்.

இரைச்சல் திரும்ப வந்தது, அடுத்த காட்சி ஓடியது. மலர்க்கொடி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். உடனே திருப்பி ஓட்டினேன், பழைய தபால்காரர் குரல். மறுபடி ஓட்டினேன், அதே குரல். “போதும்ணே, விடுங்க” என்று மலர்க்கொடியே சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

‘இப்பக் கேக்குதா’ என்று முருகையா ஷூட்டிங்கில் மைக் பிடித்தவரிடம் கேட்டிருப்பார், அந்தச் சத்தம் எப்படியோ ஒட்டிக்கொண்டது என்று என் மருமகன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் அந்தக் கேசட்டில் இருப்பது ஒரே டிராக். ஒரு டிராக்கில் இரண்டு சத்தம் ஒன்றன் மேல் ஒன்று ஒளிந்திருக்க வழியில்லை, இது எனக்குத் தெரிந்த தொழில்.

அதைக்கூட நான் மறந்துவிடுவேன். அவர்கள் போன பிறகு மனது கேட்காமல், குரலை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். முருகையா வசனத்தைச் சொல்கிறார், உதட்டை மூடிக்கொள்கிறார், அப்படியே நிற்கிறார். அதற்குப் பிறகு உதடு அசையவில்லை. கேசட்டிலும் இல்லை, அவர்கள் வருவதற்கு முந்தின நாளே கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த பைலிலும் இல்லை.

இப்போதும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கை தானாக அந்த பைலைத் திறந்துவிடுகிறது, உதடு மூடியேதான் இருக்கிறது. பக்கத்தில் நோட்டையும் விரித்து வைத்துக்கொள்கிறேன். அதில் எழுதியிருப்பது இதுதான்: நாற்பத்தோராவது நிமிடம், வசனம் முடிந்த பிறகும் வாய் அசைகிறது, சத்தம் இல்லை, அடிக்கோடு. கையெழுத்து என்னுடையதுதான்.