மூன்றாவது ஓலை

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கை வைத்தால் போதும், இந்த நாட்டில் டெலிபோன் மணி அடிக்கும். எடுத்தால் முன்பின் தெரியாத ஒரு பெண் என் பெயரை மூன்று விதமாகக் கொலை செய்துவிட்டு என் கருத்தைக் கேட்பாள். ஒரு வாரம் சாலைகளைப் பற்றி, ஒரு வாரம் பற்பசையைப் பற்றி. அன்றைக்கு, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். மிகவும் ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், ஓரளவு எதிர்க்கிறேன், மிகவும் எதிர்க்கிறேன் என்பதில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். நான் திண்டுக்கல்காரன். என் சொந்தக் கல்யாணத்துக்கே என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. பெண் பார்த்தாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம், லீவு போட்டுவிட்டு வா என்று அப்பா எனக்குத் தகவல்தான் தெரிவித்தார். அப்படி வளர்ந்தவனிடம் ஊரார் கல்யாணத்துக்கு இவ்வளவு மரியாதையாகக் கருத்துக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்? கருத்து இல்லை என்றேன். அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தாள் போலிருக்கிறது, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் கனடாவில் கருத்து இல்லாத மனிதன் நான் ஒருவன்தான். நான் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில் எங்கள் போர்மேன், போலந்துக்காரர், கடுமையாக எதிர்த்தார். தடை ஏதும் இல்லாமல் இரண்டு முறை கல்யாணம் செய்து அவர் பட்டபாடு போதாதா, தப்பித்துக் கிடக்கிறவர்கள் ஏன் வலிய வந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். பொட்டலம் கட்டும் பையன்கள், அது அவரவர் உரிமை என்று சொல்லிவிட்டு ஹாக்கி பேசப் போனார்கள். எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்குக் கூடும் சங்கத்தின் செயலாளர் மட்டும் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கல்யாணம் என்னும் புனிதத்தைக் காப்பாற்ற அரசாங்கத்துக்கு ஒரு மனு தயாரித்து, பூசை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கினார். இவர் தன் மனைவியோடு நேராகப் பேசி நான்கு வருஷம் ஆகிறது. வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் மகள் வழியாகத்தான் கேட்பார். அவர் ஒரு கையில் பேனாவையும் மறு கையில் எனக்கான காபியையும் வைத்துக்கொண்டு நின்றார். காபியை வாங்க வேண்டுமானால் பேனாவையும் வாங்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் மார்கரெட், டயான் என்று இரண்டு பெண்கள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பனி கொட்டினால் தங்கள் வாசலோடு எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். கல்யாணமாகாத அக்கா தங்கை, பாவம் என்று என் மனைவியிடம் இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தேன். ஒரு சனிக்கிழமை மார்கரெட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றாள். மிக்க சந்தோஷம், இருவருக்கும் ஒரே நாளிலா என்று கேட்டேன். வேறு எப்படி என்று அவள் சிரித்தாள். எங்கள் ஊரிலும் அக்கா தங்கைகளுக்கு ஒரே பந்தலில் நடத்துவது வழக்கம்தான் என்று பாராட்டிவிட்டு, மாப்பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளா என்று விசாரித்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சிறுபிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாக விளக்கினாள். நான் தலையாட்டினேன். என் மனம் அந்த நேரத்தில் வேலியைத் தாண்டி, கடலைத் தாண்டி, திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு மாடி வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த மாடியில் தொண்ணூறுகளில் என் அக்கா சகாயமேரியும் அவள் சிநேகிதி பஞ்சவர்ணமும் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வீடு அப்போது நகரத்துக்கு வெளியே இருந்ததால் அக்காவுக்குப் போய்வரத் தோதுப்படவில்லை. பஞ்சவர்ணத்தின் குடும்பம் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த இந்துக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் வருவார்கள், வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கும் இருவரும் போவார்கள். மழைக்கு ஒரே குடைதான். ஒரு பையனின் சைக்கிள் ஒரு வாசலில் இரண்டு முறை நின்றால் மோப்பம் பிடித்துவிடும் எங்கள் ஊர், இவர்களுக்கு ஆறு வருஷமும் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தது. "ஆம்பள சகவாசமே இல்லாத பிள்ளைக" என்று வீட்டுக்கார அம்மா தன் பெண்களுக்கு இவர்களை உதாரணம் காட்டுவார். பஞ்சவர்ணம் ஓர் ஆணாகப் பிறந்திருந்தால் சாதியும் மதமும் சேர்ந்து தெருவே இரண்டுபட்டிருக்கும். பெண்ணாகப் பிறந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாததால் தோன்றவில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இருபத்தெட்டு முடிந்ததும் அப்பா விழித்துக்கொண்டார். செம்பட்டியில் உரக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் சித்தப்பா கனடாவில் இருந்தார், படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வேலைக் கடிதம் எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படிப்பார். தடை என்றால் ஏற்கனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கிய உறவா என்பதெல்லாம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மனமில்லாமல் கட்டிவைப்பதும் தடைதான் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தோம். படித்ததோடு சரி.

இரண்டு ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நாளைக்கு மூணாவது ஓல வாசிக்கையில நீ எந்திரி அப்பு. தடை இருக்குன்னு சொல்லு."

"என்ன தடைன்னு சாமி கேட்டா?"

"பொண்ணுக்குச் சம்மதமில்லன்னு சொல்லு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

நீயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். சொல்லிப் பார்த்துவிட்டாளாம். அப்பா, எல்லாப் பெண்களும் முதலில் அப்படித்தான் சொல்லும் என்றிருக்கிறார். சாமியார் புன்னகை செய்து, ஒரு மாதா படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டார். பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பதைப் பெண் சொன்னால் அது வெட்கம். ஆண்பிள்ளை எழுந்து சொன்னால்தான் அது தடை. சரிக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் கோயிலில் ஆண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா பீடத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். சாமியார் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறவர். "கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்துவிட்டு மூச்சு வாங்கும் அளவுக்கு நிறுத்தினார். நான் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தை மும்முரமாகத் தேடினேன். அதற்குள் அவர் நற்கருணை வகுப்பு நேரம் மாறியிருப்பதை அறிவித்துவிட்டார். கல்யாணத்தன்று பஞ்சவர்ணம் தங்கள் தோட்டத்துப் பூவைக் கொண்டுவந்து அக்காவுக்குத் தன் கையாலேயே தலை பின்னிவிட்டாள். அவ்வளவு நல்ல சிநேகிதி யாருக்குக் கிடைக்கும் என்று எல்லோரும் மெச்சினார்கள். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விட்டாள். ஆறாவது மாதம் என் வேலைக் கடிதம் வந்தது. என் அக்காவைக் கொடுத்துத்தான் நான் விமானம் ஏறினேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

மார்கரெட்டும் டயானும் போகும் கோயில் எங்கள் சபை அல்ல, ஆனால் அங்கேயும் ஓலை வாசிக்கிறார்கள். அதுவும் மூன்று ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு யாரோ இருவர் பின்வரிசையில் எழுந்து சத்தம் போட்டார்களாம். மூன்றாம் ஞாயிறு தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று என்னை அழைத்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டதை அவர்களிடம் சொல்லவில்லை, கோயிலுக்குப் போவதைச் செயலாளரிடம் சொல்லவில்லை. காலில் ஷூவோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் ஒரு பெண். இரண்டு பெயர்களையும் வாசித்தார், காரணம் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார், நிறுத்தினார். எங்கள் சாமியார் நிறுத்திய அதே அளவு.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது, டயானின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வாயில் வந்தது தமிழ். "தடை இருக்கு சாமி. பொண்ணுக்குச் சம்மதமில்ல." ஒன்பது வருஷமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம், இருக்கிற கல்யாணங்களிலெல்லாம் இருவரும் மனமொத்து நின்ற அந்த ஒன்றைப் பார்த்து வெளியே வந்துவிட்டது. போதகர் மிகப் பணிவாக, ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டார். நோ அப்ஜெக்‌ஷன் மேடம் என்றேன். ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோருமே தட்டினார்கள். வெளியே வந்ததும் மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் சொன்னது என்ன என்று கேட்டாள். எங்கள் மொழியில் ஒரு வாழ்த்து என்றேன். டயானுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை என் கையெழுத்தில் எழுதித் தந்தால் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்களாம்.

மறு ஞாயிறு செயலாளரிடம் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். மனு தபாலில் போய்விட்டது என்றார். ஆக, அரசாங்கத்தின் காகிதத்தில் நான் மிகவும் எதிர்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்கில் என்னைப்போல ஆதரிக்கிறவன் இல்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே திங்கள் விடியற்காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் இருந்தாள். அத்தான் கெட்டவரில்லை, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், மழை இல்லை. எங்கள் பேச்சு வழக்கமாக இவ்வளவுதான். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள்.

"அங்க போயி எந்திரிச்சியாக்கும்."

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுகளுக்கு என்ன எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னு எழுது. அதுல பொய்யில்லல்ல."

அதேபோல் இன்னொன்று எழுதிப் பஞ்சவர்ணத்துக்கு அனுப்பச் சொன்னாள். விலாசம் தெரியாதே என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்பாள் என நினைத்தேன். கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை ஓர் இடத்தில்கூட நிறுத்தாமல் சொன்னாள்.

"அனுப்புறவுங்க பேரு என்னதப் போடு. விலாசம் ஒன்னோடத எழுதிக்க. இங்க உள்ளது வேணாம்."

அப்படியே எழுதினேன். கனடாத் தபால்தலை ஒட்டி, இடது மூலையில் சகாயமேரி என்று போட்டு, அதன் கீழே என் தெருவின் பெயரை எழுதினேன். இந்த நாட்டில் என் அக்காவுக்கு உள்ள இடம் அந்த மூலைதான். தபால்பெட்டியின் வாய்க்குள் உறையைப் பாதி நுழைத்துவிட்டு, கையை எடுக்க மனமில்லாமல் செத்த நேரம் நின்றேன்.