பேசாத பிள்ளை பேசிய இருபது நிமிஷம்

பத்தொன்பது வருஷமாக நான் எல்.கே.ஜி. டீச்சர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன மலையாளப் பள்ளியில் வேலை. போன வருஷம் எங்களுக்கு செல்போன் வழியாக ஒரு பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். இனி எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற அலட்சியத்தோடுதான் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரம் பாடத்தை ஓடவிட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து, அவரவர் வகுப்பை இருபது நிமிஷம் படம்பிடிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும்.

வகுப்பில் பேசாமலே இருக்கும் ஒரு பெண்பிள்ளையை நான் தேர்ந்தெடுத்தேன். எழுத அதிகம் இருக்காது என்பதுதான் காரணம். அவளுடைய அப்பா அம்மா போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்துவிட்டு வந்த தமிழர்கள். அப்பாவுக்கு ஆரியசாலைக் கடைகளில் சுமை தூக்கும் வேலை. சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் மலையாளம் மட்டும் பேசினால் குழப்பம் குறையும் என்றும் சொன்னேன். முன்னேற்ற அட்டையிலும் அப்படியே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தேன். திரையில் நான் நத்தைப் படத்தைத் தூக்கிக் காட்டுகிறேன். பிள்ளைகள் “ஒச்சு” என்று மலையாளத்தில் கத்துகிறார்கள். அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் உதடு அசைந்தது. சத்தத்தைக் கூட்டினேன்.

“நத்தை. மழ பேஞ்சா எங்க லயத்துச் செவுத்துல ஏறும்.”

திரும்ப ஓட்டிக் கேட்டேன். அடுத்து அணில் படம். அதற்கும் சொன்னாள். அதற்கடுத்த படத்துக்கும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பயிற்சி நடத்திய பெண் போனில் அழைத்தாள். என் மகள் வயதிருக்கும். நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்திருந்தாள். டீச்சருக்குத் தமிழ் தெரியுமா என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டாள். என் வீட்டில் பேசுவதே தமிழ்தான்.

அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவள் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் இறுகியது.

“நீங்க சொன்ன அன்னைக்கே வீட்ல தமிழ் பேசக் கூடாதுன்னு அவ அப்பா சொல்லிட்டாரு, டீச்சர். எங்களுக்கு மலையாளம் கொஞ்சந்தான் வரும். என்னத்தப் பேசுறது? பேசுனா அதட்டுனோம். இப்ப எங்ககிட்டயும் வாயத் தொறக்குறதில்ல.”

நான் பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதட்ட ஆளில்லாத இடமென்று அந்தப் பிள்ளை என் வகுப்பில் தனக்குத்தானே பேசியிருக்கிறாள்.

அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “படிச்சவங்க சொன்னீங்க, கேட்டோம்” என்றார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

முன்னேற்ற அட்டையில் எழுதியதை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். தினமும் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசினேன். முதலில் அவள் பயந்து தன் அம்மாவைத் தேடினாள். ஒரு மாதத்துக்கு மேல் பதிலே இல்லை. பிறகு ஒருநாள், தோட்டத்தில் அட்டைப்பூச்சி கடித்தால் உப்பு வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னாள். வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள் என்று அம்மா சொன்னாள்.

பயிற்சியின் கடைசி நாள் எல்லோரும் வீடியோ அழைப்பில் சேர்ந்து தங்கள் வகுப்பின் சிறந்த வீடியோவைப் போட்டார்கள். நான் அவள் அம்மாவிடம் அனுமதி வாங்கி அந்த முதல் வீடியோவைப் போட்டேன். முடிந்ததும் ஒரு டீச்சர், தன் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு கேமராவை அணைத்துவிட்டாள்.