காயிலில் பொறி இருக்கிறது

என் பெரியப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் கரண்ட்டு. இன்ஜினில் பொறி வருகிறதா என்று பார்க்க மற்றவர்கள் பிளக்கைக் கழற்றி இரும்பின் மேல் வைப்பார்கள். இவர் வயர் முனையை விரலால் பிடித்துக்கொண்டு, "ம், சுத்து" என்பார். தோள் ஒரு குலுங்கு குலுங்கும். "இருக்கு, இருக்கு. நல்லாவே அடிக்குது" என்று சிரிப்பார்.

"யோவ் கரண்ட்டு, ஒரு நாள் உன்னையே தெருக் கம்பத்துல பல்பா மாட்டிடப் போறாங்க" என்பார் டீக்கடைக்காரர்.

"மாட்டட்டும். உன் கடையாவது வெளிச்சமா இருக்கும்."

அவருடைய டிராக்டர் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ரகம். வேண்டாமென்று ஒருவர் ஒதுக்கிப் போட்டதை வாங்கி வந்து, திட்டித் திட்டியே ஓட வைத்தார். சுற்று வட்டாரத்தில் அது உழாத நிலம் குறைவு. உழவு முடிய நாளாகும் வெளியூர்களில் வண்டியை வயலிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ரோட்டரை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போவார். காயில் என்ற கம்பிச்சுருளில் பிறக்கும் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துக் கொடுக்கிற கட்டைவிரல் அளவுத் துண்டு அது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அது இல்லையென்றால் எந்தத் திருடனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கல்லூரி விடுதி வாசலில் என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் அந்த டிராக்டரில்தான் அவர் கொண்டுவந்து இறக்கினார். காவலாளி காதைப் பொத்திக்கொண்டார். "எங்க வீட்டுப் பையன். இன்ஜினியருக்குப் படிக்க வந்திருக்கான்" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார் பெரியப்பா. அதற்காக நான் ஒருநாளும் கூசியதில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் போன் வந்தது. "டேய் இன்ஜினியரு, வண்டி மக்கர் பண்ணுது. ஈரம் காயறதுக்குள்ள வந்து பாரு."

போய்ப் பார்த்தால், கொட்டகையில் சாக்கை விரித்து அதன்மேல் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். பிளக்குகள் புதுசு. கண்டென்சரும் புதுசு. பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அது பாதியாகியிருந்தது. நான் காயிலின் நடு வயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் கைப்பிடியைச் சுற்றினார். நீலமாகப் பொறி பறந்தது. பிளக் வயரை அவர் வழக்கம்போல் விரலில் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். தோள் அசையவில்லை. ஷாக்குக்காகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டே இருந்தார்.

"காயில்ல இருக்கு, பிளக்குல இல்ல. அப்ப நடுவுல எவனோ திங்கிறான்" என்றார்.

சரியான கணக்கு. கண்டதையும் மாற்றி வைத்திருந்ததைப் பார்த்துக் கலங்கியிருந்த எனக்கு உயிர் வந்தது. அவர் கிளிப்பை நெம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கினார். உள்ளே ரோட்டர் இல்லை. அது உட்காரும் தண்டு மொட்டையாக நின்றது. அவர் குனிந்து பார்த்தார். துண்டு நுனியால் அந்தத் தண்டைத் துடைத்தார். "சுத்தமா இருக்கு" என்று சொல்லி மூடிவிட்டார்.

"பெரியப்பா, ரோட்டர்?"

"உள்ளதான்டா இருக்கு. இப்பத்தானே பாத்தேன்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். பெரியம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "அது என்கிட்ட இருக்கு."

போன மாதம் உழவுக்குப் போனவர் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லையாம். யாரோ ஒருவருடைய விளைந்த பயிருக்கு நடுவே, கிணற்று விளிம்பை ஒட்டி வண்டி உறுமிக்கொண்டிருக்க, தன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஓட்டாதீங்கன்னு சொன்னா கேக்கற ஆளா? அதான் கழட்டினேன். மூடியைத் திறந்ததும் கண்டுபிடிச்சிடுவாரு, என்னைக் கிழிகிழின்னு கிழிப்பாரு, அந்தச் சண்டையோட சண்டையா மிச்சத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "தினமும் திறக்கிறாருடா. இன்னும் திட்டல."

எனக்கு மனம் ஆறவில்லை. திரும்பி வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "காயில்ல இருந்து பிளக் வரைக்கும் வழி சொல்லுங்க பெரியப்பா, பாப்போம்."

"என்னடா, எனக்கே பரிட்சையா?" என்று சிரித்தார். "காயிலு, நடு வயரு, மூடி, மூடிக்குள்ள கார்பன், அதுக்குக் கீழ ரோட்டரு, ரோட்டர்ல இருந்து பிளக் வயரு. போதுமா சார்?"

ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அவரே மறுபடியும் மூடியைத் திறந்தார். மொட்டைத் தண்டைத் தொட்டார், விரலால் ஒரு சுற்றுத் தடவினார். புருவம் சுருங்கியது. ஏதோ வாய் வரைக்கும் வந்தது.

"இந்தா" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த டார்ச்சை எடுத்துட்டு வா. பொழுது இறங்கிடுச்சு, ஒண்ணும் தெரியல."

பெரியம்மா வந்தார். டார்ச்சை நேராக உள்ளே அடித்தார். தண்டு பளபளவென்று தெரிந்தது. பெரியப்பா நெற்றி வேர்க்க உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கிட்ட காட்டு."

"காட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."