மூன்றாம் அறையின் இருபத்து நான்கு டிகிரி

சிலுவைராஜுக்குப் பொறாமை புதிதல்ல. பேத்துப்பாறைப் பள்ளியில் மணி அடிக்கும் வேலையை வாத்தியார் வேறொருவனுக்குக் கொடுத்தபோது காய்ச்சலில் படுத்தவன் அவன். பெண் பார்க்கப் போன வீட்டில் தம்பிக்கு மட்டும் இரண்டு லட்டு வைத்தார்கள் என்பதை, தம்பிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவான். ஆனால் கையில் வேலை இருந்தது. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு மலைக்கே திரும்பி, மோட்டார், ஜெனரேட்டர், லாட்ஜ் ஹீட்டர் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து ஓட வைத்துவிடுவான். நல்லா செஞ்சப்பா என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவனுக்கு. யாரும் சொன்னதில்லை. கரண்ட் வந்ததும் டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவனுக்குப் பெருமை என்று இருந்தது ஒரே ஒரு சாவிதான். வில்பட்டியில் ராஜமுருகனின் காளான் பண்ணையில் ஆறு குளிர் அறைகள். அவற்றின் கண்ட்ரோல் பேனல் சாவி பன்னிரண்டு வருடமாக அவன் இடுப்பில் தொங்கியது. முதலாளியே அவனைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.

அந்தச் சாவிக்கு வினையாக வந்து சேர்ந்தாள் லாவண்யா. பழனியில் இருந்தபடியே அறைகளின் குளிரைப் போனில் மாற்ற வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதற்காகத் திண்டுக்கல் கம்பெனி ஒன்று அனுப்பிய இன்ஜினீயர். வயது இருபத்தாறு. அவளுக்குக் கார் போனது. சிலுவைராஜ் மழையில் பைக்கில் வந்தான். அவள் "லாவண்யா மேடம்". அவன் "ஏலே சிலுவ". அவள் டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

அவள் வேலை மோட்பஸ்ஸில். இயந்திரங்கள் ஒயர் வழியாகப் பேசிக்கொள்ளும் முறை அது. ஒவ்வொரு அறையின் கண்ட்ரோலருக்குள்ளும் எண் போட்ட கட்டங்கள் உண்டு. இப்போது எத்தனை டிகிரி என்று ஒரு கட்டத்தில் படிக்கலாம். இத்தனை டிகிரிக்கு வா என்று இன்னொன்றில் எழுதலாம். ஐந்து அறைகள் சொன்னபடி கேட்டன. மூன்றாவது மட்டும் அடம் பிடித்தது. காளான் வித்து பரவுகிற அறை அது. என்றைக்கும் இருபத்து நான்கு டிகிரிதான். இந்த முறை அங்கேயே மொட்டு விடட்டும், பதினேழுக்கு இறக்குங்கள் என்றிருந்தார் ராஜமுருகன். அவள் பதினேழு என்று எழுதுவாள். சரி என்று பதில் வரும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி இருபத்து நான்கு. இரண்டு நாள் இப்படியே போயிற்று. இன்னும் ஒரு நாள் சூட்டில் கிடந்தால் அறையிலிருக்கும் காளான் தட்டுகள் அத்தனையும் வீண்.

சிலுவைராஜுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"மேடம் தப்பான கட்டத்துல எழுதுறாக மொதலாளி. புக்குல ஒண்ணுல இருந்து எண்ணுவான், மிசினு சைபர்ல இருந்து எண்ணும். ஒரு கட்டம் தள்ளிப் போச்சு."

"அதை மொத நாளே பாத்துட்டேண்ணே. கட்டம் சரிதான்" என்றாள் லாவண்யா, சிரித்தபடி. அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம்.

ராஜமுருகன் சலித்துப்போனார். "யாரு சரி பண்றீகளோ, இனிமே அவுக கையில சாவி. வெரசாப் பாருங்க."

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டான் சிலுவைராஜ். பேனலைத் திறந்து கையாலேயே பதினேழு வைத்தான். திரும்பிவிட்டது. கண்ட்ரோலரையே கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினான். அதுவும் திரும்பிவிட்டது. இயந்திரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். லாவண்யாவோ ஒன்றும் எழுதாமல், லேப்டாப்பை ஒயரில் இணைத்து, அதில் என்ன போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் அனுப்பாத கட்டளை ஒண்ணு வருது. நிமிஷத்துக்கு ஒருக்கா. மூணாம் ரூம், இருபத்து நாலு. வேற யாரோ எழுதுறாங்க."

மூவரும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஏணி போட்டு அவள் கூரைப் பலகையை நகர்த்தினாள். உள்ளே தூசி படிந்த ரோஸ் நிறச் சோப்பு டப்பா.

சிலுவைராஜின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவன் மனைவி புஷ்பமேரி வேளாங்கண்ணியில் வாங்கிய டப்பா. ஏழு வருடத்துக்கு முன், மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மூன்றாம் அறை தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் மலைப்பாதையில் ஓடிவர முடியாமல், போனில் பார்த்துப் படித்து, சின்ன எலக்ட்ரானிக் போர்டு ஒன்றில் அவனே புரோகிராம் எழுதி, இந்த டப்பாவுக்குள் போட்டு, ஒயரில் இணைத்து இங்கே வைத்தான். நிமிடத்துக்கு ஒருமுறை இருபத்து நான்கு என்று எழுதிக்கொண்டே இரு. அதற்குப் பிறகு அந்த அறையில் கோளாறே வரவில்லை. அவனும் மறந்துபோனான். இப்போது வாயைத் திறந்தால் சாவி போச்சு.

லாவண்யா டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். "சால்டரிங்கைப் பாருங்க சார், என்னா சுத்தம்! தூசியைப் பாத்தா வருஷக்கணக்கா ஓடியிருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இந்தக் கை வராது. யாரு செஞ்சது?"

"கூலிங் மிசின் மாட்டுனானே, அந்தக் கோயமுத்தூர்க்காரனாத்தேன் இருக்கும்" என்றார் ராஜமுருகன். "அவன் வேலைக்காரன்யா!"

வாழ்நாளெல்லாம் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. வந்து, எவனோ ஒரு கோயமுத்தூர்க்காரனுக்குப் போகிறது. முகம்கூட நினைவில்லாத அந்த ஆள் மேல் சிலுவைராஜுக்கு வந்த பொறாமையில் காது இரண்டும் சுட்டது. லாவண்யா மேல் வந்ததெல்லாம் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாவியாவது மண்ணாவது.

"எந்தக் கோயமுத்தூர்க்காரன்? நாந்தேன் செஞ்சேன்! அது எங்க வீட்டு டப்பா!"

ராஜமுருகன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ரெண்டு நாளா என் காளானை வேகவச்சவன் நீதானா?" கையை நீட்டினார். "சாவியக் குடு."

கொடுத்தான். லாவண்யா டப்பாவின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பதினேழு என்று எழுதினாள். பதினேழிலேயே நின்றது. போர்டையும் டப்பாவையும் அவன் கையில் கொடுத்தபோது அவள் கண்ணில் கேலி இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் இடுப்பை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டான். ஆனாலும் "இந்தக் கை வராது" என்பதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி, புஷ்பமேரியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனான்.

அவள் டப்பாவைப் பார்த்ததும் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "ஆத்தாடி! இது எங்கங்க கெடந்துச்சு?"

"பண்ணையில. அந்த லாவண்யா எடுத்துச்சு. அது என்ன சொல்லுச்சு தெரியுமா..."

"ஏழு வருசமாத் தேடித் தாங்கன்னு ஒங்களைக் கேக்குறேன். வந்து மூணு நாளாகல, அந்தப் பிள்ள எடுத்துருச்சு பாருங்க. கெட்டிக்காரிதேன்!"

சிலுவைராஜ் சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டான்.