இடது கைக்கு ஒரு கத்தி

என் வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வீட்டில் ஒரு தம்ளர் வெந்நீர்கூட வைக்கமாட்டார். ஆற்றங்கரை, மூன்று கல் அடுப்பு, சுற்றிலும் பசியோடு ஆட்கள், இவ்வளவும் அமைந்தால்தான் மனிதருக்குச் சமையல் வரும். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டறைச் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து மேகேதாட்டுப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போவார்கள். அன்றைக்குக் கோழி, மீன், வெங்காயம் எதுவானாலும் கத்தி அவர் கையில்தான். அந்த ஒரு நாள் அதிகாரத்துக்காகத்தான் வருஷம் முழுக்க எனக்கு அடங்கி நடக்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பிரஸ் மெஷினில் அவருடைய வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வேலை போகவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் வேன் அவர் இல்லாமல் போயிற்று. அடுத்த வருஷம் சிநேகிதர்கள் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். "வர்றேம்ப்பா" என்று சிரித்து அனுப்பிவிட்டு, அவர்கள் தெருமுனை திரும்பியதும் என்னிடம், "நான் போவல. அங்க போயி கையக் கட்டிக்கினு வேடிக்கை பாக்கவா?" என்றார்.

பழைய கத்தியின் பிடி சன்னமானது. மூன்று விரலுக்குள் நிற்காமல் திரும்பிக்கொள்ளும். அதனால் வந்த வெறுப்பு என்றுதான் நான் நினைத்தேன். "கத்திதான பிரச்சினை? கெளம்புங்க, வேற வாங்கலாம்" என்று செருப்பை மாட்டிவிட்டேன்.

முதலில் பிரிகேட் ரோட்டில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை. டை கட்டிய விற்பனையாளர் மடக்குக் கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அலகில் இருக்கும் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் திறக்குமாம். என் வீட்டுக்காரர் இழுத்தார், வழுக்கியது. மறுபடி இழுத்தார். "சிம்பிள் சார், ஜஸ்ட் ஓபன் பண்ணுங்க" என்று அந்த ஆள் கையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "மடிக்கிற எடத்துல மீன் கவிச்சி போய் உக்காந்துக்கினா நீங்களா வந்து கழுவுவீங்க? மடக்காத கத்தி இருந்தா காட்டுங்க, இல்லன்னா உடுங்க" என்றேன். இல்லை என்றார். வந்துவிட்டோம்.

அடுத்தது சிவாஜிநகர். கறிக்கடைக்காரர்கள் கத்தி வாங்கும் கடை. பாய் முதலில் எடுத்துப் போட்டது ஒரு முழ நீளம், முதுகில் ரம்பப் பல், கொம்புப் பிடி. "பாய், நாங்க மீன் அறுக்கப் போறோம், ஆள் அறுக்க இல்ல" என்றேன். அடுத்து வந்ததில் அலகு தடியாக இருந்தது. விறகு பிளக்கலாம், வெங்காயம் பிளந்துதான் வரும், நறுக்காது. உள்ளங்கை நீளத்துக்கு அலகு, பிடியின் கடைசி வரைக்கும் ஓடும் ஒரே இரும்பு, தடித்த பிடி, கை முன்னால் நழுவாமலிருக்க ஒரு மேடு. இப்படிக் கேட்டுக் கேட்டு நாலைந்தைத் தனியே எடுத்துவைத்தோம். நான் பையிலிருந்து நூக்கோல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கெட்டி, உருண்டை, நிற்காது. அதை அறுக்கிற கத்தி எதையும் அறுக்கும்.

"யா அல்லா, கொழம்பும் இங்கயே வெச்சிடுவீங்களாம்மா?" என்று பாய் சிரித்தார்.

இவர் வலது கையில் கத்தியைப் பிடித்து அழுத்தினார். நூக்கோல் துள்ளித் தரையில் உருண்டது. கடையில் இருந்த மற்ற இரண்டு பேர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் குனிந்து நூக்கோலை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். கத்தியை இடது கைக்கு மாற்றினார். எங்கள் வீட்டில் உப்புப் பொட்டலத்தைக்கூட இடது கையால் வாங்கமாட்டோம். தின்கிற பொருளை இடது கையால் அறுப்பதா? "சீ" என்று வாய்வரை வந்தது. அதற்குள் நூக்கோல் வில்லை வில்லையாக விழுந்துகொண்டிருந்தது, அத்தனையும் ஒரே கனம்.

"எப்பத்துலேந்து?" என்றேன்.

"ஸ்டோர்ல டீ டைம்ல வெள்ளரிக்கா வெட்டிப் பாத்துக்கினு கீறேன். உங்கிட்ட சொன்னா நீ ஊரக் கூட்டுவ."

"நான் எங்கங்க ஊரக் கூட்டுறேன்?" என்று நான் கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு தேடுவதே மாறிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்தி இடது கையில் கோணலாக இழுத்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டின ஒன்று கிடைத்தது. சாதாரண மரப்பிடி, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் இறங்கினோம். சிநேகிதர்கள் கோழியைக் கடையிலேயே வெட்டி வாங்கியிருந்தார்கள். வெங்காயம், தக்காளி எல்லாம் நறுக்கி டப்பாவில் வந்திருந்தன. "அண்ணே, எல்லாம் ரெடி. நீங்க நெழல்ல உக்காருங்க" என்று ஜமக்காளத்தை விரித்தார்கள். அவர் உட்கார்ந்தார். இடுப்பில் உறையோடு கத்தி. முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? அத்தனை பேரும் தங்கமான மனுஷர்கள்.

அப்போது ஒரு பரிசல்காரர் கரைக்கு வந்தார். "அண்ணா, மீனு இதியா? தோர்சி" என்று கன்னடத்தில் மீனைக் காட்டச் சொல்லிக்கொண்டே ஓடினேன். இருந்ததில் பெரிய கெண்டையை வாங்கி வந்து அவருக்கு முன்னால் பொத்தென்று போட்டேன். "இத அறுக்க எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். எழுந்து ஒரு பாறையருகே போய் உட்கார்ந்து கத்தியை உருவினார். இடது கையைப் பார்த்து ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளின் காதருகே குனிந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன், நிமிர்ந்துகொண்டாள். முன்னைவிட நேரமானது. ஆனால் செதில் சுரண்டி, குடலெடுத்து, துண்டுபோட்டு, மசாலா தடவிக் கல்லில் போடும்வரை வேறொரு கை அதில் படவில்லை.

சாப்பிடும்போது எல்லாரும், "சூப்பர்ண்ணே," "அருமைண்ணே" என்றார்கள். முன்பெல்லாம் இவரை ஒருத்தரும் இப்படிப் பாராட்டினது கிடையாது, குறை சொல்லிக்கொண்டேதான் தின்பார்கள். இவரும் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இருக்கிறவர்களில் மூத்தவர் மென்றுகொண்டே இருந்து, வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னாய்யா இது? பாதி செதில அப்பிடியே உட்டுக்கீற! இத்த துன்னா தொண்ட கிழிஞ்சிடும்யா!"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"கெழவா, பல்லு இல்லன்னு ஒத்துக்கோ. எம் மீன ஏன் கொற சொல்ற?"

"உப்பும் பத்தல!"

"பத்தலன்னா ஆத்துல போடு, முதலை திங்கட்டும்!"

உடனே இன்னொருவர் காரம் ஜாஸ்தி என்றார், வேறொருவர் துண்டு சின்னது என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டினார்கள். அவர் ஒவ்வொருத்தருக்கும் வாய் ஓயாமல் பதில் சொன்னார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வேனுக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை.