ஐஸ்பழக் கடையில் ஒரு தேசிய வலையமைப்பு

விஞ்ஞானம் எனக்கு வராது என்று ஆசிரியர்கள் அன்றே சொன்னார்கள். அதனால்தானோ என்னவோ, கண்டிக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நிர்வாக உத்தியோகத்தனாகக் குந்தியிருக்கிறேன். நுணுக்குக்காட்டி வாங்கக் கையெழுத்துப் போடுவேன். அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் அமைச்சிலிருந்து புதிய கொள்கை வந்தது. இனித் தனி ஆய்வுகளுக்கு நிதி கிடையாது. ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம், தனியார் துறை மூன்றும் சேர்ந்த வலையமைப்புக்கு மட்டுமே. அதற்கு இணைப்பாளராக என்னைப் போட்டார்கள்.

கலங்கிப்போனவர் எங்கள் மண் ஆய்வாளர். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண். அங்கே தேயிலை வேர்களிலிருந்து அவர் பிரித்தெடுத்த நுண்ணுயிர்கள், உரம் குறைந்தாலும் செடியைத் தாங்குமா என்பதே ஆய்வு. நிதி நின்றால் உறைபெட்டி வேறு பிரிவுக்குப் போய்விடும். பல வருட உழைப்பு சின்னக் குழாய்களுக்குள்ளேயே செத்துப்போகும்.

பல்கலைக்கழகம் சுலபமாகக் கிடைத்தது. அங்குள்ள பேராசிரியரும் எங்கள் ஆய்வாளரும் வருடக்கணக்காக ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். இருவரும் ஒரே மண்ணைத்தான் ஆராய்கிறார்கள் என்பது கொள்கை வந்த பிறகே தெரிந்தது. அன்றிலிருந்து கொள்கையைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். தனியார் துறைதான் அகப்படவில்லை. கம்பனிக்காரர்கள் தேத்தண்ணி தந்தார்கள், "பார்ப்போம்" என்றார்கள்.

இதற்கிடையில் நிலையத்து மின்மாற்றி வெடித்தது. இன்றைக்குத் திருத்த முடியாது என்றார்கள். ஆய்வாளர் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அப்போது கைகொடுத்தது: வத்தேகமவில் நான் அடிக்கடி குச்சி ஐஸ் எடுத்துத் தின்னும் ஐஸ்பழக் கடை நானாவிடம் ஜெனரேட்டர் உண்டு. நோன்புப் பெருநாள் காலத்தில் மட்டும் ஓடும் உறைபெட்டி ஒன்றும் சும்மா கிடக்கிறது.

திரீவீலரில் போய் இறங்கினோம்.

"இதுக்குள்ள என்ன மிஸ்?"

"கிருமி, நானா. நல்ல கிருமி."

"சத்தமாச் சொல்லாதீங்க! என்ட யாவாரம் படுத்துடும்." சொல்லிக்கொண்டே வயரைச் செருகினார். "சேர், நீங்க மட்டும் மூடியத் தொட வாணாம். போன தரம் நீங்க மூடினது தொறந்துதான் ஈந்திச்சி."

திரும்பும் வழியில் ஆய்வாளர் மெல்லச் சிரித்தார். "சேர், தனியார் துறை கெடச்சிருச்சு."

கொழும்பில் நிதியைத் தீர்மானிக்கும் நிபுணர் குழுவின் முன் நானாவும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இவருடைய புத்தாக்கத் திறன் என்ன?" என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். நான் பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. நானாவே சிங்களத்தில் பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி இருந்திருக்கும்:

"அதெல்லாம் எனக்கு வெளங்கா சேர். கரண்ட் போனா என்ட பெட்டில ஒண்டும் கெடாது. மிஸ்ஸுட சாமான் முழுக்க உசிரோட ஈக்கி."

குழு சிரித்தது, பிறகு தங்களுக்குள் குசுகுசுத்தது. கடைசியில் ஒரு வருடத்துக்கு நிதி தந்தது. அதற்குள் 'பொருத்தமான' பங்காளி ஒருவரையும் தேடிச் சேர்க்க வேண்டுமாம்.

குழாய்களைத் திருப்பி எடுக்கப் போனபோது ஆய்வாளர் பாதியைத்தான் எடுத்தார்.

"மத்தது இங்கயே இருக்கட்டும் நானா. கொள்கை அடுத்த வருசம் மாறுனாலும் மாறும்."

"அப்ப பெருநாளைக்கு ஐஸ்பழத்த நான் எங்க வெக்கிற?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இணைப்பாளர் நான்தானே.

பெருநாள் வந்தால் நானாவின் ஐஸ்பழம் இப்போது எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜில் தங்குகிறது. மீனை எங்கே வைப்பது என்று மனைவி கேட்கிறாள். கொள்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.